சோதனைத் தெரு

ஆவாரங்கோட்டையில் சோதனைத் தெரு வந்து சேர்ந்தது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. அதுவரை அந்த இடத்தில் தீப்பெட்டி ஆபீசின் பின்சுவரும் உடைமரக் காடும் அதற்குள் மேய்ந்துகொண்டிருந்த நாலைந்து ஆடுகளும்தான் இருந்தன. பதினொன்றரைக்குப் பிறகு அங்கே நாற்பத்திரண்டு வீடுகளும், வீட்டுக்கு ஒரு குழாயும், முனையில் நகராட்சியின் நீலப் பலகையும் இருந்தன, ஆடுகள் மட்டும் போக்கிடம் தெரியாமல் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தன. முனையில் தையற்கடை வைத்திருந்த பிச்சையா மிஷினை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்த்தார், ஆட்டுக்காரிக்கு ஆள் அனுப்பினார், பிறகு பாதியில் நின்ற காஜாவை எடுத்து முடித்தார்.

அந்தத் தெருவைக் கொண்டுவந்தவள் உலகம்மை. வேண்டும் என்று நினைத்து அவள் கொண்டுவரவில்லை. நகராட்சியின் நீரேற்று நிலையத்து மாடியறையில், ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் அவளுடைய வேலை. ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் முறைவைத்துத் தண்ணீர் திறந்து மூடும் புரோகிராமை சி மொழியில் அவள்தான் எழுதியிருந்தாள். அதை நிறுத்தவே கூடாது; நிறுத்தினால் வால்வுகள் எல்லாம் மூடிக்கொள்ளும், குழாய்களில் காற்று ஏறிவிடும், கடைக்கோடித் தெருவுக்கு மறுபடி தண்ணீர் எட்ட இரண்டு நாள் ஆகிவிடும். அதனால் அவள் ஒரு வழி செய்திருந்தாள். ஒவ்வொரு தெருவையும் தனித்தனித் துண்டாக, தனித்தனிக் கோப்பில் எழுதி வைத்தாள். பெரிய புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டிய துண்டைத் திறந்து உள்ளே சேர்த்துக்கொள்ளும், அதற்குள் இருப்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளும். துண்டில் பிழை இருந்தால் அதை மட்டும் மூடிவிட்டுத் திருத்தியதைத் திறந்தால் போதும். ஊரில் ஒரு சொட்டும் நிற்காது.

இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அன்றைக்கு அவள் இல்லாத ஒரு தெருவை எழுதினாள். பெயர் சோதனை. வீட்டுக்காரர்கள் பெயர் வேண்டியிருந்ததால் வாயில் வந்த பெயர்களையெல்லாம் போட்டாள், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஆட்கள் என்று கைக்கு வந்த எண்ணைப் போட்டாள், டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் திறந்தாள். டீ முடிவதற்குள் கீழே மோட்டார் பார்த்துக்கொள்ளும் சுடலைமுத்து படியேறி வந்தார்.

"தாயி, தீப்பெட்டி ஆபீஸ் பின்னால ஒரு தெரு வந்திருக்கு. அங்கேயும் தண்ணி விடணுமான்னு கேக்காங்க."

"யார் கேக்கா?"

"தெருக்காரங்கதான்."

உலகம்மை போய்ப் பார்த்தாள். பதினேழாம் வீட்டில் ஆட்கள் ஒன்று என்று போட்டிருந்தாள், அங்கே ஒற்றை ஆள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பதாம் வீட்டில் பூச்சியம் போட்டிருந்தாள், அது பூட்டிக் கிடந்தது, ஆனால் வாசலில் கோலம் இருந்தது. எட்டாம் வீட்டில் ஒன்பது போடுவதற்குப் பதில் கை தவறித் தொண்ணூறு போட்டிருந்தாள். அந்தச் சின்ன ஓட்டு வீட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல், நெடுநாள் பழகியவர்களைப் போல.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது, அதுவும் ஆச்சரியத்தால் அல்ல, செய்ய வேண்டிய காரியங்கள் அத்தனை. பால்காரர் முதல் வாரமே இரண்டு கேன் கூடக் கொண்டுவந்தார். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார், தெருவை நடந்து பார்த்தார், பேரேட்டில் 'இருக்கிறது' என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டாம் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்பு கூடுதலாக வந்தது. பங்குனி வந்தபோது தேர் அந்தப் பக்கமும் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள், தேர் திரும்பியது. பழைய தெருக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், ஆனால் புதிய தெருக்காரர்கள் கொடுத்த பானகத்தில் ஏலக்காய் தாராளமாக இருந்ததால் முணுமுணுப்பு நின்றது. எங்கிருந்து வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள், பிறகு, "இங்கதான் இருக்கோம்" என்பார்கள். அது பொய்யும் இல்லை என்பதால் ஊரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உலகம்மைக்கு ஒரு அக்கா, வடிவு. தாய் தகப்பன் போனபிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. வடிவுக்கு நாற்பத்துமூன்று வயது. தபாலாபீசில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள், நிதானமாகப் பேசுவாள். பதினேழாம் வீட்டு ஆதிமூலம், உலகம்மை ஒன்று என்று போட்டதால் அம்மா அப்பா கூடப்பிறந்தவர் யாரும் இல்லாமல் வந்து சேர்ந்த அந்த ஒற்றை மனிதர், தினமும் பதினொரு மணிக்குக் கவுண்டருக்கு வந்து தனக்கு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்பார். எழுதுவதற்கு அவருக்கு உலகத்தில் ஆள் கிடையாது என்பது வடிவுக்குத் தெரியும், இருந்தும் ஒவ்வொரு நாளும் கடிதக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்வாள். பார்க்காமல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நாற்பது நாள் அப்படிப் போயிற்று. நாற்பத்தோராம் நாள் கட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஆதிமூலம் அங்கேயே நின்று பிரித்துப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார்.

"இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கே" என்றார்.

"என் கையெழுத்துதான்" என்றாள் வடிவு.

தை மாதம் கல்யாணம் நடந்தது. வடிவு பதினேழாம் வீட்டுக்குப் போனாள். பழைய தெருக்களிலிருந்து சோதனைத் தெருவுக்குப் போன பெண்களும் அங்கிருந்து இங்கே வந்த பெண்களுமாக அந்த இரண்டு வருடத்தில் பதினோரு கல்யாணம். பெரியாஸ்பத்திரியில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. உலகம்மை ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். ஆதிமூலம்தான் சமைப்பார். வடிவுக்குச் சுண்டைக்காய் பிடிக்கும் என்று ஊரெல்லாம் தேடி வாங்கி வருவார், பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தான் டீ குடித்துக்கொண்டே தட்டிய ஒரு வரியிலிருந்து இப்படியும் ஒரு மனிதர் வந்திருக்கிறாரே என்று உலகம்மைக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. மேல்நிலைத் தொட்டி பாதிக்கு மேல் ஏறவில்லை. எல்லாத் தெருவுக்கும் வாரத்தில் இரண்டு நாள் என்று ஆனபோது சோதனைத் தெருக் குழாய்களில் மட்டும் மூடிய பிறகும் விரல் கனத்துக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. காரணம் உலகம்மைக்குத் தெரியும். அன்றைக்கு அவசரத்தில் எழுதியதில் வால்வை முழுதாக மூடும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. மூன்றாம் வார்டு உறுப்பினர் இரண்டு தடவை மாடியேறி வந்தார்.

"பட்டாவிலே இல்லாத தெருவுக்கு மட்டும் சொட்டு நிக்காது, எங்க வார்டுல குடம் காஞ்சு கிடக்கு. இதுக்கு ஒரு பதிலைச் சொல்லும்மா."

திருத்த இரண்டு வழி இருந்தது. மற்றத் தெருக்களுக்குச் செய்தது போலப் பழைய துண்டை மூடிவிட்டுத் திருத்திய துண்டைத் திறப்பது ஒரு வழி, அதற்குக் கண்சிமிட்டும் நேரம் போதும். துண்டைத் தொடாமல் வெளியிலிருந்தே அந்த வால்வை மட்டும் அடக்கி வைக்கத் தனியாக ஒன்று எழுதுவது இன்னொரு வழி, அதற்குப் பதினைந்து நாள் உட்கார வேண்டும். மற்றத் தெருக்களை அவள் நாற்பது தடவையாவது மூடித் திறந்திருப்பாள், ஒரு வீட்டில் ஒரு விளக்குகூட மினுங்கியதில்லை. ஆனால் அந்தத் தெருக்கள் எல்லாம் அவள் எழுதுவதற்கு முன்பே இருந்தவை. இது அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

திருத்தியதை எழுதி வைத்தாள். எட்டாம் வீட்டுத் தொண்ணூறைத் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. மூடுவதற்கு முன் எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டையும் எத்தனை தடவை திறந்திருக்கிறோம் என்று மெஷின் ஓர் எண் வைத்திருக்கும். ஒவ்வொரு முறை மூடும்போதும் அதில் ஒன்று குறையும், பூச்சியம் ஆனால்தான் துண்டு வெளியே போகும். அத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கும் தெருவுக்கு அது பெரிய எண்ணாக இருக்கும் என்று அவள் ஏனோ நினைத்திருந்தாள். ஒன்று என்று இருந்தது. திறந்தவள் அவள் ஒருத்திதான், ஒரே ஒரு தடவைதான். உள்ளே போய் யார் யார் கையைப் பிடித்தார்கள், யார் யாருக்குப் பிள்ளை பெற்றார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. உலகம்மையின் விரல் நின்றது. நின்ற விரலை அவள் பார்த்தாள், வார்டு உறுப்பினர் மறுபடி படியேறி வருவதை நினைத்தாள், பதினைந்து நாளை நினைத்தாள், கண்சிமிட்டும் நேரம்தானே என்று நினைத்தாள். பிறகு மூடினாள். உடனே திறந்தாள்.

அரைமணி நேரம் கழித்து வடிவு வந்தாள். கையில் ஆதிமூலத்தின் நனைந்த சட்டை ஒன்று இருந்தது, அதிலிருந்து மாடிப்படி நெடுகத் தண்ணீர் சொட்டியிருந்தது. புடவையில் உடைமுள் கிழித்திருந்தது.

"என்னடி செஞ்ச?"

"மாத்தி வச்சேன்க்கா. பழசை மூடிட்டுப் புதுசைத் திறந்தேன். ஒரு கண்சிமிட்டு நேரம்தான்."

"அந்தக் கண்சிமிட்டுல நான் முள்ளுக்காட்டுல நின்னேன்" என்றாள் வடிவு. அவள் கத்தவில்லை. "துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். கொடி இல்ல, சுவர் இல்ல, வீடு இல்ல. பிறகு எல்லாம் வந்திருச்சு. கொடியில நான் போட்டிருந்த துணி மட்டும் இல்ல. அவர் புழக்கடைக் கதவைத் திறந்துட்டு வெளியே வந்தாரு. 'யாரும்மா நீங்க, யாரைத் தேடுறீங்க'ன்னு கேட்டாரு. மரியாதையாத்தான் கேட்டாரு."

உலகம்மை கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பழைய துண்டு பத்திரமாக இருக்கிறது, அதையே திரும்பத் திறக்கிறேன் என்று கோப்பைத் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கோப்பில் இருப்பது முதல் நாள்தான். டீ குடித்துக்கொண்டே தட்டிய பெயரும் எண்ணும்தான். கவுண்டருக்கு வந்து நின்ற நாற்பது நாளும், கடிதமும், சுண்டைக்காயும் ஓடிக்கொண்டிருந்தபோது சேர்ந்தவை, எங்கேயும் எழுதிவைக்கப்படாதவை, மூடியபோது அவை போய்விட்டன. இருந்தாலும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "பழசையே திறந்து பாக்கட்டுமாக்கா" என்று கேட்டாள்.

"அதைத் திறக்கணும்னா இப்ப இருக்கிறதை மூடணுமா?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்" என்றாள் வடிவு. "அவர் உலை வச்சிருக்காரு."

அன்றைக்கு ஊருக்குள் பல வீடுகளில் இதே பேச்சு நடந்தது. சோதனைத் தெருக்காரர்கள் அன்றுதான் வந்தவர்களைப் போலக் கடைகளுக்கு வழி கேட்டார்கள். அவர்களைக் கட்டியவர்களும் அவர்களோடு பழகியவர்களும் போய் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார்கள், அவர்களும் தங்களைப் பற்றிய செய்தியை யாரோ உறவுக்காரரைப் பற்றிக் கேட்பது போல முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் இருந்தன. மூன்று தாய்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, "முகம் என் சாடைதான், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அப்பன்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். பதினோரு குடும்பத்தில் எட்டு அப்படி மறுபடி சேர்ந்தது. சேர்ந்த வீடுகளில் சண்டை சச்சரவு கிடையாது, ரொம்ப நாளைக்கு விருந்தாளி வந்த வீடு போல எல்லாரும் மெல்லப் பேசினார்கள்.

வடிவு சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள், பழைய அறையில் பழைய கட்டிலில் படுத்துக்கொண்டாள், திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். அந்த வாரமே ஆதிமூலம் பதினொரு மணிக்குக் கவுண்டரில் வந்து நின்றார். தனக்கு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டார். வடிவு கட்டைப் பிரித்துப் பார்த்தாள், இல்லை என்றாள். மறுநாளும் வந்தார்.

உலகம்மையால் தாங்க முடியவில்லை. "நீ சொல்லேன்க்கா. இல்லாட்டி ஒரு கடிதம் எழுது. அப்பவும் அதைத்தானே செஞ்ச. நான் வேணா போய்ச் சொல்லட்டுமா, நான் பண்ணின தப்புதானே."

வடிவு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சொன்னா ஒத்துக்குவாரு. வா, வந்து இருன்னு சொல்லிருவாரு. அவர் அப்படிப்பட்ட ஆளு. அதனாலதான் சொல்ல மாட்டேன். கடிதம் எழுதினா என்ன பதில் வரும்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்ப எனக்கு எல்லாம் தெரியும், அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்படி எழுதினா அது ஏமாத்துறதுடி."

ஊரிலும் யாரும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். பிச்சையாவிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். ஒரு வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினாலும் மறுநாள் மூன்று தெரு பேசும் ஊர் அது. அந்த ஊர் இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டது. வடிவின் கல்யாணப் போட்டோ இருந்த வீடுகளில் அதைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தார்கள். எட்டாம் வீட்டுத் தொண்ணூறு பேருக்கும் ஒருநாள் சாயங்காலம் விஷயம் தெரிந்துவிட்டது, தொண்ணூறு பேரும் சொல்லவில்லை.

உலகம்மையை வடிவு ஒரு சொல்லும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள், காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்தாள், தேவையானதைப் பேசினாள். திட்டினால் தேவலை என்று தங்கைக்கு இருந்தது. இரண்டு வழியில் பதினைந்து நாள் வழியை அதற்குப் பிறகு அவள் எழுதி முடித்துவிட்டாள், எழுதப் பன்னிரண்டு நாள்தான் ஆயிற்று. அதை ஓடவிடத் தேவையே இல்லை, சோதனைத் தெருக் குழாய்கள் ஒழுகாமல் நன்றாகத்தான் இருந்தன. பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் அந்தத் துண்டை, ஏற்கெனவே திறந்து கிடப்பதையே, இன்னொரு தடவை திறக்க ஆரம்பித்தாள். அதனால் தெருவுக்கு ஒன்றும் ஆகாது, எண் மட்டும் ஒன்று ஏறும். அத்தனை தடவை மூடினால் ஒழிய இனி யாராலும் அதை வெளியே தள்ள முடியாது. இரண்டு, மூன்று, நாற்பது என்று ஏறிற்று. நூற்றுப் பதினைந்தைத் தாண்டிய சமயத்தில் ஆதிமூலத்துக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

பெண் பெரியாஸ்பத்திரி நர்ஸ் அன்னபாக்கியம், கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிறவள், நல்லவள். விரலில் அரிவாள்மணை வெட்டிக் கட்டுப்போடப் போன இடத்தில் பழக்கம். ஆதிமூலம் தபாலாபீசுக்கு வந்து, அன்றைக்குக் கடிதம் கேட்காமல், கவுண்டருக்கு உள்ளே பத்திரிகையை நீட்டினார்.

"எனக்குன்னு சொந்தக்காரங்க யாரும் இல்ல மேடம். தினமும் பாக்கிற முகம் உங்களுதுதான். அவசியம் வரணும்."

"வாறேன்" என்றாள் வடிவு.

போக வேண்டாம் என்று உலகம்மை சொல்லிப் பார்த்தாள். வடிவு நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள், ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் பெயர் வெட்டி வாங்கி வந்தாள், "நீயும் வா" என்றாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். எட்டாம் வீட்டார் தொண்ணூறு பேரும் பரிமாறுவதற்கு நின்றார்கள். வடிவு வரிசையில் நின்று மேடையேறியபோது பந்தலில் இருந்த பழைய ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். நாதஸ்வரக்காரர் மட்டும் வெளியூர்க்காரர், அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

வடிவு தூக்குவாளியை அன்னபாக்கியத்தின் கையில் கொடுத்தாள். "இவருக்குப் புளி ஆகாது, கொஞ்சமாப் போட்டுக்கோ" என்று சொன்னாள். அன்னபாக்கியம் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள், ஆதிமூலம் இது வடிவுக்கு எப்படித் தெரியும் என்பது போலப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. அவர் பார்வை பக்கத்தில் நின்ற உலகம்மைமேல் விழுந்தது.

"இவங்க?"

"என் தங்கச்சி" என்றாள் வடிவு. "உங்க தெருவுக்குத் தண்ணி திறந்து விடுறது இவதான்."

ஆதிமூலம் மாலையைச் சரிசெய்துகொண்டு குனிந்து இரண்டு கையையும் கூப்பினார். "அப்படிங்களா. இத்தனை நாள் தெரியாமப் போச்சே. நீங்க இல்லைன்னா நாங்க ஏதும்மா."

உலகம்மை கையைக் கூப்ப வேண்டும் என்று நினைத்தாள், கை எழும்பவில்லை. பின்னால் வரிசை நெருக்கிக்கொண்டிருந்தது. வடிவுதான் அவள் முழங்கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனாள்.

பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எட்டாம் வீட்டுப் பெண் ஒருத்தி இலை போட்டுவிட்டுப் போனாள். உலகம்மை தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வடிவு டம்ளரிலிருந்து கையில் தண்ணீர் எடுத்துத் தன் இலையில் தெளித்துத் துடைத்தாள். பிறகு கை நீட்டித் தங்கையின் இலையிலும் தெளித்தாள்.